போய்விட்ட நண்பனுக்கு நண்பர்கள் செய்ய வேண்டியது

சொந்தக்காரர் இறந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது நம் ஊரில் முன்பே முடிவான விஷயம். கொள்ளி வைப்பது யார், கோடி எடுத்து வருவது யார், பதினாறாம் நாள் தலைப்பாகை கட்டுவது யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. நண்பனுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. இருபது வருஷம் கூடவே திரிந்தவனாக இருந்தாலும் சாமியானாவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், மாலை போடுவான், சுடுகாடு வரை போய்த் திரும்புவான். லீவு கேட்டால்கூட "என்ன உறவு?" என்றுதான் கேட்பார்கள்.

முதல் முறையாக ஒரு நண்பனைப் பறிகொடுத்துவிட்டு, அவனுக்காக ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பாலிடெக்னிக் செட்டில் சிலரை இழந்த பிறகு நாங்களாகத் தெரிந்துகொண்டவை இவை. ஒருவருடைய வாழ்க்கையில் வீட்டாருக்குத் தெரியாத பகுதி நண்பர்களிடம்தான் இருக்கிறது. ஹாஸ்டலில் எப்படி இருந்தான், முதல் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கினான், எதற்குப் பயந்தான், யாரைப் பற்றி என்ன சொல்லிச் சிரித்தான் என்பதெல்லாம் அவன் அம்மாவுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. அதைச் சேர்த்து வைத்து வீட்டாரிடம் கொடுப்பது நண்பர்களால் மட்டுமே ஆகிற காரியம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"அவன்" என்றே எழுதிக்கொண்டு போகிறேன். தோழியை இழந்தவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஒரு வித்தியாசம் உண்டு. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்ணின் சிநேகிதிகளைப் புகுந்த வீட்டில் பல நேரம் யாருக்கும் தெரியாது. அப்போது அவளுடைய அம்மா வீட்டுக்குப் போங்கள். அங்கே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள்

அழுவதற்கு முன்பே வேலை வந்து நிற்கும். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சாப்பாடு, மயான ரசீது. வீட்டில் பெரியவர் ஒருவரிடம் போய், "நாங்க நாலு பேர் இருக்கோம், எதை நாங்க பார்த்துக்கணும்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள். சடங்கில் தலையிட வேண்டாம். உங்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், அவனுக்கே பிடிக்காமல் இருந்திருக்கலாம். அந்த வாக்குவாதத்துக்கு இது நேரமில்லை.

நண்பர்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பது எப்போது, எங்கே என்பது உறுதியான பிறகு ஒரே செய்தியாக அனுப்புங்கள். எப்படி இறந்தான் என்று அதில் எழுதத் தேவையில்லை. விபத்துப் படம், ஆஸ்பத்திரிப் படம் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அவன் பிள்ளைகளின் கைக்கும் ஒருநாள் ஃபோன் வரும்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைப்பதானால் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றை வீட்டில் கேட்டுச் சரிபார்த்துவிட்டு அடிக்கக் கொடுங்கள். அவன் படம் பெரிதாக இருக்கட்டும், உங்கள் படங்கள் வேண்டவே வேண்டாம். ரோட்டோரமாகப் பெரிதாக எதையும் கட்டாதீர்கள். பேனர் சரிந்து விழுந்து ஓர் உயிர் போனதை 2019இல் சென்னை பார்த்திருக்கிறது. வீட்டு வாசலில் சின்னதாக ஒன்று போதும், அதையும் காரியம் முடிந்ததும் நீங்களே கழற்றிவிடுங்கள். கிழிந்து தொங்குகிற அவன் முகத்தைத் தினமும் தாண்டிப் போவது அந்த வீட்டுக்காரர்கள்தான்.

கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத இளையவர்களிடம் சொல்லி வையுங்கள். மௌனமாகத் தலையசைத்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

ஃபோனில் இருப்பதை உடனே காப்பாற்றுங்கள்

இதை ஒரு வாரத்துக்குள் செய்துவிடுங்கள். எல்லாரும் தள்ளிப்போடுவது இதைத்தான், தள்ளிப்போட்டால் திரும்பக் கிடைக்காததும் இதுதான்.

முதலில் அவனுடைய சிம். ரீசார்ஜ் இல்லாமல், பயன்படுத்தாமல் மூன்று மாதம் விட்டுவிட்டால் இணைப்பு போய்விடும், பிறகு அந்த நம்பர் வேறு யாருக்காவது போகும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் நீக்கப்பட்டுவிடும். வங்கி, ஆதார், எல்ஐசி என எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். அதனால் ஒரு வருஷமாவது சிம்மை உயிரோடு வைத்திருக்கும்படி வீட்டில் சொல்லுங்கள். ரீசார்ஜ் செலவை நண்பர்களே ஏற்றுக்கொள்ளலாம். அவனுடைய ஃபோனை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பாஸ்வேர்ட் தெரிந்திருந்தாலும் சரி. அது வீட்டாருடைய உரிமை. அவர்களே கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள்.

அடுத்து உங்கள் ஃபோன். அவனோடு பேசிய அரட்டையைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, எக்ஸ்போர்ட் சாட் என்பதைத் தேர்ந்தெடுத்து, மீடியாவோடு சேர்த்து உங்கள் ஈமெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்பிக்கொள்ளுங்கள். அரட்டை ரொம்ப நீளமாக இருந்தால் பழையது முழுக்க வராது. அதனால் முக்கியமான படங்களையும் குரல் பதிவுகளையும் தனியாக ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள்.

குரலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். படம் எல்லா வீட்டிலும் இருக்கும், குரல் இருக்காது. கல்யாண வீடியோவில்கூட மேளச் சத்தம்தான் கேட்கும், மாப்பிள்ளை பேசுவது கேட்காது. நண்பர்களுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்டில்தான் ஒருவன் அவனாகவே பேசியிருப்பான். எங்கள் நண்பன் ஒருவனுடைய வாய்ஸ் நோட்டில் இருப்பது ஒரே வரி: "டேய், மழை விட்டுடுச்சு, கிளம்பு." பின்னால் அவன் மகள் மழலையில் ஏதோ கேட்கிறாள், அவன் அந்தப் பக்கம் திரும்பி "இரும்மா" என்கிறான். அந்த "இரும்மா"வுக்காக அவள் இப்போதும் அதைப் போட்டுக் கேட்கிறாள். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று தோன்றுகிற பதிவைக்கூட அழிக்காதீர்கள். எல்லாருடைய ஃபோனிலிருந்தும் சேர்த்து, யாருக்கு எப்போது அனுப்பியது என்று பெயரிட்டு, இரண்டு பென்டிரைவில் வையுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று நண்பர் ஒருவரிடம்.

வீட்டுக்குக் கொடுப்பதற்கு ஒரு சமயம் பார்க்க வேண்டும். கருமாதிக்கு முன்னால் வேண்டாம். "குரல் பதிவு சிலது எங்ககிட்ட இருக்கு, எப்ப வேணும்னு தோணுதோ அப்பச் சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். சிலர் அன்றே கேட்பார்கள், சிலருக்கு வருஷக்கணக்கில் மனம் வராது.

படங்களைப் பொறுத்தவரை, நல்லதாகச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் இடம், வருஷம், கூட நிற்பவர்கள் பெயரை எழுதுங்கள். கையில் வைத்துப் பார்க்கிற படம் அவன் அம்மாவுக்குக் கொடுக்கிற ஆறுதலை கூகுள் லிங்க் கொடுக்காது.

ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்ற முடியும். இறந்ததற்கான ஆதாரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். மாற்றிய பிறகு யாரும் உள்ளே நுழைய முடியாது, பிறந்தநாள் நினைவூட்டலும் வராது. நண்பர்களும் விண்ணப்பிக்கலாம் என்றாலும் வீட்டாரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். கூகுள் கணக்கை இரண்டு வருஷம் யாரும் தொடாவிட்டால் நீக்கப்படலாம், அதோடு கூகுள் ஃபோட்டோஸில் உள்ளதும் போகும். இதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். அவன் பெயரில் யாராவது பணம் கேட்டு மெசேஜ் அனுப்பினால் குரூப்பில் உடனே எச்சரிக்க ஓர் ஆள் இருக்கட்டும். செத்தவர் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேட்டு எழுதுங்கள்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் சண்டையிட்டு இறந்ததைச் சொல்கிற கல். அதில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது திருடனைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் கல்லில் எழுதியிருக்கிறது. 1300 வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. எழுதச் சொன்னவர்கள் அவனை அருகிலிருந்து பார்த்தவர்களாக இருந்திருக்க வேண்டும்.

நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டும். "நல்ல மனிதர், எல்லாருக்கும் உதவுவார்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். எங்கள் இன்னொரு நண்பன் எக்ஸெல் வண்டி சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு பழைய பனியன் துணி வைத்திருப்பான். மழை நாளில் பின்சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் நம்மை உட்காரச் சொல்வான், தன் சீட்டைத் துடைக்க மாட்டான். இப்படி ஒன்று எழுதினால் போதும், உதவுவான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செய்முறை எளிது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள், அல்லது ஃபோனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒருவர் பொறுப்பெடுத்து ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். எல்லாரையும் குரூப்பில் எழுதச் சொன்னால் நாலு பேர் பூங்கொத்துப் படம் போடுவார்கள், அதோடு முடிந்துவிடும். "அவனைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லு" என்று கேட்காதீர்கள், யாருக்கும் வாய் வராது. இப்படிக் கேளுங்கள்: முதல்முதலில் எங்கே பார்த்தாய்? உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவான்? கடைசியாகப் பார்த்தது எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்? அவனோடு சண்டை போட்டது உண்டா, யார் முதலில் பேசியது? உனக்கு மட்டும் தெரிந்தது என்ன?

நெருங்கிய செட்டோடு நிறுத்தாமல் அவன் தினமும் போன டீக்கடை, வண்டி விட்ட மெக்கானிக், சேர்ந்து பஸ் ஏறியவர்கள், முதல் வேலையில் மேஸ்திரியாக இருந்தவர் என்று போய்க் கேளுங்கள். நீங்கள் அறியாத ஒருவன் அங்கே கிடைப்பான். வயதானவர்களிடம் முதலில் கேளுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. பழைய காதல், கடன், குடி பற்றிய கதைகள் நண்பர்களுக்குள் இருந்தால் போதும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மீதியைத் தட்டச்சு செய்து, சில படங்களோடு ஸ்பைரல் பைண்டிங் போட்டால் ஒரு புத்தகமாகிவிடும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் அவன் மனைவியிடம் கொடுத்து, அவர்கள் கேட்கிற வயதில் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பா எப்படிப்பட்டவர் என்று பிள்ளைகள் ஒரு வயதில் கேட்பார்கள். அன்றைக்கு நாம் எல்லாரும் இருப்போமா என்பது தெரியாது.

காகித வேலைக்குக் கூடப் போங்கள்

கணவனை இழந்தவள் தாலுகா ஆபீஸ் வரிசையில் தனியாக நிற்பதைவிட, பக்கத்தில் ஒரு நண்பனும் அவன் மனைவியும் நிற்பது பெரிய உதவி. முதலில் இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் கொடுப்பார்கள். வீட்டில் இறந்தால் கிராமத்தில் விஏஓவிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியிலும் சொல்ல வேண்டும். பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு மாறினாலும் பிறகு அலைச்சல்தான், வாங்கும்போதே பாருங்கள். அப்புறம் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம்.

அவன் வங்கிப் பாஸ்புக்கை வீட்டார் காட்டினால் மே, ஜூன் மாத வரவு செலவைக் கவனியுங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம், எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம் வரும். 20 ரூபாய் கழிந்திருந்தால் விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்திருந்தால் அதிலும் 2 லட்சம். பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேலையில் இருக்கும்போதே இறந்து, பிஎஃப் பிடித்தமும் இருந்தால், பிஎஃப் பணத்தோடு இடிஎல்ஐ காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும், குடும்ப ஓய்வூதியமும் உண்டு. கட்டட வேலை, ஆட்டோ, தையல் என்று நலவாரியத்தில் பதிந்திருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

நண்பர்கள் பணம் திரட்டினால் ஒருவர் கணக்கில் மட்டும் வாங்கி, யார் எவ்வளவு என்பதை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். திரட்டியதைப் படம் எடுத்துப் போட வேண்டாம். நேரே மனைவி அல்லது அம்மா கணக்கில் போடுங்கள். பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளியிலேயே கட்டிவிட்டு ரசீதைக் கொடுங்கள். அவன் யாருக்காவது தர வேண்டியது இருந்தால் அந்தப் பேச்சு பதினாறு முடிகிற வரை வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நினைவேந்தல் கூட்டம்

வீட்டார் சம்மதித்தால் செய்யுங்கள். பதினாறு முடிந்து வரும் ஞாயிறு மாலை சௌகரியமாக இருக்கும். கிறிஸ்தவ வீடாக இருந்தால் அவர்கள் நினைவுத் திருப்பலி நாளைப் பார்த்து வையுங்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று கல்லறையைச் சுத்தம் செய்யக் கூடப் போகலாம். முஸ்லிம் நண்பனுக்குப் படத்துக்கு மாலை, விளக்கு, படத்திறப்பு எதுவும் வேண்டாம். அவன் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில், அதாவது கணவனை இழந்த பெண் வீட்டோடு தனித்திருக்கும் காலத்தில், இருப்பார். அந்த நாட்களில் ஆண் நண்பர்கள் நேரில் பார்க்கப் போகாமல், தங்கள் அம்மா, மனைவி வழியாக விசாரிப்பதே முறை.

கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். மேடை வேண்டாம், வட்டமாக நாற்காலி போடுங்கள். மைக் பிடித்துப் பழகியவர்களைக் கடைசியில் வையுங்கள். டீக்கடைக்காரரும் பக்கத்து சீட்டில் வேலை பார்த்தவரும் முதலில் பேசட்டும். ஆளுக்கு ஒரு சம்பவம், அவ்வளவுதான். மனைவியையோ அம்மாவையோ பேசச் சொல்லாதீர்கள், அவர்களே எழுந்தால் கேளுங்கள். சினிமா சோகப் பாட்டு போட்டு வீடியோ ஓட்ட வேண்டாம். அவன் சிரிக்க வைத்த கதையைச் சொல்லி எல்லாரும் சிரித்தால் சிரிக்கட்டும், வீட்டாரும் சிரிப்பார்கள். முடிவில் அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள். பரோட்டா சால்னாவாக இருந்தால் பரோட்டா சால்னாதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோவில் வரலாம், ஆனால் ஒரு கடிதம் எழுதி அனுப்பி யாராவது வாசித்தால் அது அந்த வீட்டில் தங்கும்.

தற்கொலையாக இருந்தால் எப்படி, ஏன் என்பதை அங்கே யாரும் எடுக்கக் கூடாது. "ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே" என்ற வார்த்தைகூட அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பியைக் குத்தும். அவன் வாழ்ந்த நாட்களைப் பேசுங்கள்.

பதினாறுக்குப் பிறகு

பதினாறாம் நாளோடு உறவுகள் கிளம்பிவிடும். வீடு காலியாவது அன்றுதான். நண்பர்களின் முறை அங்கிருந்து தொடங்குகிறது. முதல் மாதம் வாரத்துக்கு ஒருவர், பிறகு மாதத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போய் நின்றால் அவர்களுக்குப் பத்து டீ போடுகிற வேலைதான் மிஞ்சும். போகும்போது செய்ய ஒரு வேலையோடு போங்கள்: மோட்டார் ரிப்பேர், கேஸ் புக்கிங், பையனின் சைக்கிள்.

வீட்டில் அவன் பெயரைச் சொல்லுங்கள். அழுதுவிடுவார்களோ என்று பேச்சை மாற்றுகிறோம். அவர்களோ யாராவது அவன் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள். முதல் வருஷம் பண்டிகை கொண்டாட மாட்டார்கள், அதனால் தீபாவளி, பொங்கல் அன்று வீடு வெறிச்சென்று இருக்கும். யாராவது ஒருவர் அன்று மாலை போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இந்து வீடுகளில் வருஷ திதி ஆங்கிலத் தேதியில் வராது, எந்த நாள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர்கள் சேர்வதற்கு அவன் பிறந்தநாள் நல்லது, அது திதியோடு மோதாது.

அவன் பெயரில் ஏதாவது செய்ய நினைத்தால், ஐந்து வருஷம் தொடர முடிவதை மட்டும் எடுங்கள். மரக்கன்று நட்டால் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்க வேண்டும். அவன் படித்த பள்ளியில் பரிசு வைக்கலாம். 50,000 ரூபாயை வங்கியில் போட்டு 7 சதவிகித வட்டி வந்தால் வருஷம் 3,500 ரூபாய். முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்க ஏற்கெனவே பலர் இருப்பார்கள். அவன் கபடி ஆடியவனாக இருந்தால் கபடிக்குக் கொடுங்கள். ரத்ததானம் என்றால் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும்.

வருஷங்கள் போய் அவன் மனைவி மறுமணம் செய்ய நினைத்தால் முதலில் வாழ்த்துகிறவர்கள் நீங்களாக இருங்கள். உங்கள் நண்பனின் நினைவைக் காப்பாற்ற அவர் தனியாக இருக்க வேண்டியதில்லை.

உங்களுக்குள்

செட்டில் அதிகம் அழுபவரைவிட, பேச்சை நிறுத்தியவரைக் கவனியுங்கள். குரூப்பில் பதில் போடாதவர், தினமும் மாலையில் குடிக்கத் தொடங்கியவர், "அடுத்தது நான்தான்" என்று விளையாட்டாகச் சொல்பவர். ஃபோனில் விசாரிக்காமல் நேரில் போங்கள், சேர்ந்து நடந்துவிட்டு வாருங்கள். சமாளிக்க முடியாத நிலை என்றால் 104 அல்லது டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416க்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். குரூப்பிலிருந்து அவன் நம்பரை யாரும் தானாக நீக்காதீர்கள். 120 நாளில் கணக்கு தானாகவே வெளியேறியதாகக் காட்டலாம். அது முன்பே தெரிந்திருந்தால் அந்த வரியைப் பார்க்கும்போது திடுக்கிட வேண்டியதில்லை.

அடுத்த முறை எல்லாரும் சேரும்போது ஆளுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கி உங்கள் ஃபோன்களையும் சரி செய்துவிடுங்கள். கூகுள் கணக்கு அமைப்பில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்று இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட மாதங்கள் கணக்கைத் தொடாவிட்டால் யாருக்கு என்ன போக வேண்டும் என்று அதில் சொல்லி வைக்கலாம். ஃபேஸ்புக்கிலும் ஐஃபோனிலும் உங்களுக்குப் பிறகு கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வழி இருக்கிறது. வங்கி, பிஎஃப், எல்ஐசி நாமினி பெயர் பழையதாகவே இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய. எங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமும் செட்டில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.